புள்ளிச்சிக்கு நாள் வைத்த கதை

1

இதை வாசித்துவிட்டு ஊரில் இருக்கிறவர்கள் எனக்கு ஏசப்போகிறீர்கள். ஹெலி வந்து சுட்டுவிட்டுப் போகிற நாட்களில், மனிதருக்கே மயக்க மருந்து இல்லாத இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் டென்மார்க்கில் இருந்துகொண்டு முயலுக்கு ஒப்பரேசன் செய்த கதை எழுதுகிறேன். ஏசுங்கள். நான் அங்கே இருந்திருந்தால் உங்களைவிடக் கூடவே ஏசியிருப்பேன்.

வருகிற கிழமையோடு நானும் மகள் வதனியும் ஹோர்சன்ஸுக்கு வந்து இரண்டு வருடம் முடிகிறது. இவர் எங்களுக்கு முதலே வந்துவிட்டார். இரண்டு வருடம் முடிகிறதே, ஏதாவது எழுதுவோம் என்று பேனையை எடுத்தால் எல்லோரும் எழுதுகிற பனியும் இருட்டும்தான் முதலில் வந்தன. அவற்றைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பனிக்குச் சப்பாத்து இருக்கிறது, இருட்டுக்கு லைற் இருக்கிறது. இந்த இரண்டு வருடமும் என் மனதைத் தின்றது வேறு. பொறாமை. பிர்கிட் என்கிற ஒரு பெண்ணின்மேல், என் பிள்ளையை முன்னிட்டு.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஊரில் நான் ஒப்பரேசன் தியேட்டரில் ஒன்பது வருடம் நேர்ஸாக இருந்தவள். பஸ்சுக்கு நின்றால்கூட யாராவது பக்கத்தில் வந்து, "மிஸி, அம்மாவுக்குக் கல்லு எண்டு சொல்லுகினம், வெட்டச் சொல்லுறியளோ, பாத்துக்கொண்டிருக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்பார்கள். எப்போது வெட்டலாம், எப்போது பொறுக்கலாம் என்று நான் டொக்டரைப்போல முடிவு சொல்வதில்லை. ஆனால் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அது எனக்குப் பழகிப்போய்விட்டது. இங்கே வந்தபிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பெயரையும் பிறந்த திகதியையும் மட்டும் கேட்பார்கள்.

2

நாங்கள் இருப்பது மூன்று மாடிக் கட்டடமொன்றின் முதலாம் மாடியில். எங்களுக்கு நேர்கீழே, சின்னத் தோட்டத்தோடு இருக்கிற வீடு பிர்கிட்டினுடையது. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். பாலர் பாடசாலையில் அரைநாள் வேலை. தனியே இருக்கிறாள். நாங்கள் வந்த முதல் குளிரில் வதனி பனியில் எப்படி வெளிக்கிடுவது என்று தெரியாமல் படியடியில் நின்றபோது, முழங்காலில் நின்று அவளுடைய உடுப்பின் ஸிப்பை இழுத்துவிட்டவள் இவள்தான். அன்றைக்கு நான் யன்னலில் நின்று பார்த்து நல்ல மனுசி என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைக்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

பிர்கிட்டின் தமக்கை வைலே என்கிற ஊருக்குக் கிட்ட ஒரு பண்ணையில் இருக்கிறாள். போன ஜூன் மாதம் அங்கிருந்து எட்டுக் கிழமை முயல்குட்டிகள் இரண்டை ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, வதனிக்கு என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டும் பெட்டை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேல்மாடி வீடுகளில் மிருகம் வளர்க்கக்கூடாது என்று வீட்டுச் சங்கத்தின் கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தையும் எனக்கு வாசித்துச் சொன்னது வதனிதான். ஆகவே முயல் கூடு பிர்கிட்டின் தோட்டத்தில் நின்றது. முயல் என்னுடைய பிள்ளையின் முயல், கூடு அவளுடைய கூடு. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டுவந்தால் நேரே எங்கே போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைக்கு ஸ்னே என்றும், கறுப்புப் புள்ளி போட்டதற்கு ப்லெட் என்றும் வதனி பெயர் வைத்தாள். எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நிற்கவில்லை. நான் வெள்ளச்சி, புள்ளிச்சி என்றுதான் கூப்பிட்டேன். "அப்பிடிக் கூப்பிட்டால் அதுகளுக்கு விளங்காது, அம்மா" என்றாள். ஒன்பது வயது. டேனிஷ் பெயர் முயலுக்கு விளங்குமாம், தமிழ்ப் பெயர் விளங்காதாம்.

சாப்பாட்டு மேசையில் எந்தக் கதையும் "பிர்கிட் சொன்னவ" என்றுதான் தொடங்கும். பல் எப்படி மினுக்கவேண்டும் என்று பிர்கிட் சொன்னவ. பாணுக்கு மேலே விதை இருந்தால்தான் நல்லது என்று பிர்கிட் சொன்னவ. ஒருநாள் எண்ணினேன். ஒரு கோப்பை சோறு முடிவதற்குள் பதினொரு தரம்.

"இஞ்சருங்கோ, இது உங்களுக்குக் காதில விழேல்லையோ?" என்று இவரைக் கேட்டேன்.

"பிள்ளைக்கு ஒரு துணை கிடைச்சிருக்கு. அதுக்கு ஏன் நீர் அந்தரப்படுறீர்?" என்றார்.

"நான் அந்தரப்படேல்லை."

"அப்ப ஏன் கரண்டியைப் போட்டு உடைக்கிறீர்?"

இவருக்குப் பொதி கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, படுக்கை. பொறாமைப்பட அவருக்கு நேரமில்லை. எனக்குக் கிழமையில் மூன்று நாள் காலையில் மொழி வகுப்பு. மீதி நேரமெல்லாம் யன்னல். யன்னலுக்குக் கீழே அவளுடைய தோட்டம்.

3

ஓகஸ்ட்டில் புள்ளிச்சி வெள்ளச்சியின் காதைக் கடித்துவிட்டது. அதற்குமுன் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத்தான் நித்திரை கொள்ளும். கடித்த மறுநாள் நான் வகுப்பால் வந்தபோது வதனி மேசையில் ஒரு மட்டையை வைத்துவிட்டு நின்றாள். பிர்கிட்டோடு சைக்கிளில் மிருக வைத்தியரிடம் போய்வந்துவிட்டார்களாம்.

"பெட்டையளும் பெருக்கிற வயசு வந்தால் சண்டை பிடிக்குமாம், அம்மா. கருப்பையை எடுத்துவிட்டால் அடங்குமாம்."

"எப்பவாம்?"

"ஆறு மாசம் வரேக்க. இப்ப சின்னன், மயக்க மருந்து தாங்காது. கனக்கப் பிந்தினால் கொழுப்பு வைச்சிடும், வெட்டுறது கஷ்டம். பிறகு கருப்பையில வருத்தமும் வரும். பிர்கிட் சொன்னவ ஒக்டோபரில செய்வம் எண்டு."

மட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முயலின் பெயர், நிறம், பிறந்த மாதம். சொந்தக்காரர் என்ற இடத்தில் பிர்கிட்டின் முழுப்பெயர். வயதுவந்தவர் ஒருவருடைய பெயர் வேண்டுமென்று கேட்டார்களாம், அதனால் போட்டதாம். அந்த மட்டையை எங்கள் மேசையில் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதன்மேல் மரக்கறியை வைத்து வெட்டினேன்.

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். நல்லாய் இருக்கிற இளம் உயிருக்கு ஏன் கருப்பையை எடுப்பான்? இரண்டையும் இரண்டு கூட்டில் விட்டால் சண்டை முடிந்தது. கட்டாயம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒருமுறை குட்டி போடட்டும், அதற்குப் பிறகு எடுத்தால் உடம்பு தாங்கும். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் மனிதருக்கும் எல்லோரும் சொல்கிற கதை இது. நானும் யோசிக்காமல் சொன்னேன்.

வதனி அதைக் கீழே கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு உடனே மேலே வந்தாள். "அது பழைய ஆக்களின்ர கதையாம், அம்மா. குட்டி போடுறதால ஒரு நன்மையும் இல்லையாம். பிர்கிட் சிரிச்சவ."

சிரித்தாளாம். அன்று பின்னேரம் முழுக்க நான் யன்னலடிக்குப் போகவில்லை. மனதுக்குள் அவளோடு நான் பிடித்த சண்டை எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். மனதுக்குள் எனக்கு டேனிஷ் நன்றாக வரும்.

செப்டெம்பரில் ஒருநாள் வதனியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக் கீழே போனேன். அவளும் பிர்கிட்டும் புல்லில் பக்கத்தில் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிர்கிட்டின் கை பிள்ளையின் முதுகில் கிடந்தது. உள்ளே புள்ளிச்சி தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு மூலையில் வைத்தது. வாய் நிறையக் காய்ந்த புல்லை எடுத்துக்கொண்டுபோய் அதன்மேல் பரப்பியது. குட்டி வரப்போகிறது என்று அது நினைத்துவிட்டது. வயிற்றில் ஒன்றுமில்லை.

எனக்கு இது தெரியும். பெண்களிலும் கண்டிருக்கிறேன். வயிறு வைத்து, பால்கூடக் கசிந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னபோது என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு கிடந்த பெண்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"பிள்ளை, அதுக்கு வயித்தில குட்டியில்லை. இருக்கெண்டு நினைக்குது. மனுசருக்கும் இப்பிடி வாறது."

வதனி திரும்பாமலே, தெரியும் என்றாள். டேனிஷில் சொன்னாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். சோறு ஆறுது என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

4

அதே மாதம் கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. என்னுடைய நேர்ஸ் சேட்டிபிக்கேட்டைப் பற்றி. ஒன்றரை வருடமாக அது தலைநகரத்துக்கும் ஹோர்சன்ஸுக்கும் போய்வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள், குரல் உயர்த்தாதவள். சேட்டிபிக்கேட் சரியாம். ஆனால் முதலில் மொழிப் பரீட்சை, பிறகு பயிற்சி, பிறகு திரும்பவும் ஒரு விண்ணப்பம். அதுவரைக்கும் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை இருக்கிறது, போகிறீர்களா என்று கேட்டாள். இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொன்னது வதனிதான். மொழிபெயர்ப்பாளருக்கு அன்று சுகமில்லையாம், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டுபோனேன்.

துப்புரவு வேலைக்கு ஓம் என்று சொன்னேன், புதுவருடத்தில் தொடங்குமாம். வேலை எந்த வேலையும் வேலைதான். என்னை உறுத்தியது வேறு. அந்தக் கந்தோரில் என் பிள்ளை எனக்கு முன்னால் இருந்து, அம்மாவுக்கு இது தெரியாது, அம்மாவுக்கு அது விளங்காது என்று ஒரு மணித்தியாலம் சொன்னாள். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் உண்மை. ஒரு மணித்தியாலம் கேட்டால் பிள்ளைக்கே அது மனதில் பதிந்துபோகும் என்றுதான் பயந்தேன்.

ஒக்டோபர் தொடங்கியதும் பிர்கிட் மேலே வந்தாள். நாள் வைப்பதற்கு முன் வதனியின் தாயோடு கதைக்கவேண்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. தேத்தண்ணி போட்டேன், பயற்றம் பணியாரம் வைத்தேன். இரண்டு சாப்பிட்டாள். நல்லது என்று சொல்லிக் காட்டினாள். எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்ததை மறைக்கமாட்டேன்.

அவள் சொன்னதை வதனி எனக்குச் சொன்னாள். வியாழக்கிழமை காலை எட்டரை. முதலில் புள்ளிச்சிக்கு மட்டும், அது தேறினால் பிறகு வெள்ளச்சிக்கு. மிருக வைத்தியர் நாய் பூனைக்குக் கனக்கச் செய்திருக்கிறார், முயலுக்குக் கொஞ்சம்தான். மயக்கத்திலிருந்து எழும்பாமல் போகவும் கூடும். அதையும் பிள்ளைக்கு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை பின்னேரம் பிர்கிட்டுக்கு ஒரு கூட்டம், வர நேரம் செல்லும். அதனால் புள்ளிச்சியை ஒரு இரவு எங்கள் குசினியில் பெட்டியோடு வைக்கலாமா? ஒரு இரவுக்கு வீட்டுச் சங்கம் ஒன்றும் சொல்லாது. இன்னொன்று. விடியும்வரைக்கும் அதற்குச் சாப்பாடு இருக்கவேண்டும்.

அங்கேதான் நான் நிமிர்ந்தேன். என்னுடைய இடம் வந்துவிட்டது.

"வதனி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. நான் ஒன்பது வருசம் தியேட்டரில நிண்டனான். வயித்தில சாப்பாட்டோட ஒருத்தருக்கும் மயக்க மருந்து குடுக்கிறேல்லை. மயக்கத்தில சத்தி வந்தால் திண்டதெல்லாம் திரும்பிவந்து சுவாசப்பைக்குள்ள போகும். அந்த இடத்திலயே முடிஞ்சிடும். ஒரு மனுசி பசி பொறுக்கேலாமல் ஒளிச்சு ஒரு துண்டுப் பாண் சாப்பிட்டிட்டு வந்து பட்ட பாட்டை நான் கண்ணால கண்டனான். முதல்நாள் இரவோட எல்லாத்தையும் நிப்பாட்டவேணும். இதைச் சொல்லு."

வதனி பிர்கிட்டின் பக்கம் திரும்பினாள். நாலு சொல் சொன்னாள். பிர்கிட் தலையாட்டி, எழும்பி, கை தந்துவிட்டுப் போனாள்.

"என்ன சொன்னனி?"

"அம்மாவுக்கு ஓகே எண்டு சொன்னனான்."

"நான் சொன்னது எங்க?"

"அது சரியான நீளம், அம்மா. பிர்கிட்டுக்கு அதெல்லாம் தெரியும்."

ஒன்பது வருடத்தை என் பிள்ளை நாலு சொல்லாக்கிவிட்டாள். மற்றவளுக்கு அதெல்லாம் தெரியுமாம். பாலர் பாடசாலையில் மூக்குத் துடைக்கிறவளுக்குத் தெரியும், தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுத்தவளுக்குத் தெரியாது.

5

புதன்கிழமை பின்னேரம் வதனி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள். உள்ளே காய்ந்த புல் நிறைய வைத்தாள், கரட் ஒன்று, கொஞ்சம் இலை, ஒரு கிண்ணம் தண்ணீர். எனக்குப் பத்துத் தரம் சொன்னாள், எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று. பிறகு குளிக்கப் போனாள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் நான் பெட்டிக்குக் கிட்டப் போனேன். புல்லை அள்ளினேன், கரட்டை எடுத்தேன், இலையை எடுத்தேன். எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி, பேசினுக்குக் கீழே இருந்த குப்பை வாளியில் போட்டேன். தண்ணீரை மட்டும் விட்டேன். பெட்டியைத் துவாயால் மூடினேன்.

நான் கெட்டது செய்வதாக அப்போது நினைக்கவேயில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அது பாதிதான். மற்றப் பாதி இப்படி ஓடியது: முயல் நல்லபடியாக எழும்பும். ஒரு நாளைக்கு, இரண்டு வருடம் கழித்தென்றாலும், நான் வதனிக்குச் சொல்வேன், அன்றைக்கு உன்னுடைய பிர்கிட் சொன்னதைக் கேட்டிருந்தால் உன்னுடைய முயல் செத்திருக்கும், அம்மாதான் காப்பாற்றினவள் என்று. அந்த நாளை நினைக்கவே எனக்கு இனித்தது. துவாயின் கரையை நன்றாக இழுத்துவிட்டேன்.

"அதைக் குழப்பாதை, பயந்துபோயிருக்குது" என்று சொன்னேன். பிள்ளை நம்பினாள். துவாயில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

விடிய நான் எழும்பி வந்தபோது வதனி குசினியில் நின்றாள். உடுத்தி, சப்பாத்தும் போட்டிருந்தாள். பெட்டியைத் துவாயோடு தூக்கி வைத்திருந்தாள்.

"எல்லாம் சாப்பிட்டிட்டுதோ?" என்று கேட்டேன். பொய்க்கு முதல் ஆளாக நானே வழி திறந்தேன்.

"ஓம்" என்றாள்.

6

மிருக வைத்தியர் உயரமான, மெதுவாகக் கதைக்கிற மனிதர். புள்ளிச்சியை மேசையில் வைத்து வயிற்றைத் தடவினார். இன்னொருதரம் தடவினார். பெட்டிக்குள் பார்த்தார். காலையில் சாப்பிட்டதா என்று கேட்டார். இந்த அளவு டேனிஷ் எனக்கு விளங்கும்.

பிர்கிட் வதனியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வதனி சொன்னாள்: "இல்லை. நேற்றுச் சாப்பாடு வைக்க நான் மறந்துபோனேன்."

மறந்துபோனேன் என்ற சொல் எங்களுக்கு வகுப்பில் முதல் மாதமே படிப்பித்த சொல். அது எனக்குப் பிழையாக விளங்குவதற்கு வழியே இல்லை.

வைத்தியர் கோபிக்கவில்லை. விளங்கப்படுத்தினார், வதனி எனக்குச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். முயலுக்குச் சத்தி வராதாம். அதன் உடம்பில் அதற்கு வழியே இல்லையாம். மயக்கத்தில் திரும்பி வரும் என்ற பயம் மனிதருக்கு, நாய்க்கு, பூனைக்கு. முயலுக்கு அந்தப் பயமில்லை, ஆனால் அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு இரவு வெறும் வயிற்றோடு கிடந்தால் குடல் நிற்கத் தொடங்கும். நின்றுவிட்டால் கத்தி படாமலே செத்துப்போகும். இன்றைக்கு மயக்க மருந்து கொடுக்கமுடியாது. கொண்டுபோய்ச் சாப்பிடக் கொடுங்கள், புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். போட்டால் அடுத்த வியாழன்.

ஒன்பது வருடத்தில் முயலுக்குச் சத்தி வராது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஏன் சொல்லுவார்கள்?

வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிர்கிட் வதனிக்கு ஏசினாள். கத்தவில்லை. குனிந்து, பிள்ளையின் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக. ஒரு உயிரைப் பொறுப்பெடுத்தால் மறக்கக்கூடாது. எத்தனை தரம் சொன்னேன். உன்னை நான் நம்பியிருந்தேன். வதனி தலையைக் குனிந்து கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு வசனம் போதும். அந்த வசனத்துக்கு வேண்டிய சொற்கள் என்னிடம் இருந்தன. நான் சொல்லவில்லை. பிர்கிட்டுக்கு முன்னால் நான் ஒன்றும் தெரியாதவளாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக என் பிள்ளையை நிற்க விட்டேன்.

இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

7

அன்று பள்ளிக்கூடமும் இல்லை, வகுப்பும் இல்லை. நானும் வதனியும் குசினி நிலத்தில் பெட்டிக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். புள்ளிச்சி மூலையில் கூனிக்கொண்டு இருந்தது. புல்லை மூக்கடியில் வைத்தால் முகத்தைத் திருப்பியது. கரட்டைத் தொடவில்லை. பத்து மணி, பதினொரு மணி. நான் அதன் வயிற்றை மெல்ல உருவிவிட்டேன். ஒப்பரேசன் செய்தவர்களுக்குக் காற்றுப் பிரியும்வரைக்கும் வார்ட்டில் காத்துக்கொண்டிருப்போமே, அதே காத்திருப்புத்தான். பன்னிரண்டு மணிக்குப்போல ஒரு புல்லை இழுத்தது. பிறகு இன்னொன்று. இரண்டு மணிக்கு, சின்னதாக, காய்ந்ததாக ஒரு புழுக்கை. வதனி அதை விரலால் எடுத்து எனக்குக் காட்டினாள். பிறகு அழுதாள்.

அழுது முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன். "குப்பை வாளியைப் பாத்தனியோ?"

"ஓம். விடிய."

"அப்ப ஏன் பொய் சொன்னனி? அம்மா எடுத்தவ எண்டு சொல்லியிருக்கலாமே."

அவள் மூக்கை உறிஞ்சினாள். தமிழில்தான் சொன்னாள், சொல் தேடித் தேடி. "எனக்கு அவ ஏசினால் பரவாயில்லை. நாளைக்குச் சரியாப்போயிடும். உங்களுக்கு ஏசினால் நான் அதுக்குப் பிறகு அவவின்ர வீட்ட போகமாட்டன், அம்மா. எனக்கு அங்க போகவேணும்."

நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

இதைத்தானே இரண்டு வருடமாக நான் அறிய ஆசைப்பட்டேன், இந்தப் பிள்ளை யாருடைய பக்கம் என்று. கேட்காமலே சொல்லிவிட்டாள். எனக்கு ஒருத்தி ஏசினால் அவளை விட்டுவிடுவாள். உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த நிமிசமே இன்னொரு புத்தி வந்தது. அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. பிர்கிட் எனக்கு ஏசினால் பிள்ளை அங்கே போகாது. அப்படியென்றால் ஏசவைத்தால் சரி. வதனியைக் கூட்டிக்கொண்டு கீழே போய், பிள்ளைக்கு முன்னாலேயே பிர்கிட்டிடம் உண்மையைச் சொன்னால் போதும். உண்மையும் சொன்னதாகும், நல்ல தாயாகவும் ஆகும், தோட்டத்துப் பக்கமும் ஒரேயடியாக மூடிப்போகும். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மூன்று நாளும் வதனி கீழே போனாள். மன்னிப்புக் கேட்டு ஒரு படம் கீறிக் கொடுத்திருக்கிறாள். செய்யாத பிழைக்கு. யன்னலால் பார்த்தேன். பிர்கிட் இன்னும் முழுதாக மனம் மாறவில்லை என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. பிள்ளை அவளுக்குப் பின்னாலேயே வாளியோடு திரிந்தது. கூட்டைக் கழுவினது, தண்ணீர் மாற்றினது. அவள் கேட்காத வேலையெல்லாம் செய்தது. எனக்கு அப்போதும் பொறாமைதான். என்னோடு ஒருநாளும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்ததில்லை என்று நினைத்தேன். ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

8

அடுத்த வியாழக்கிழமை ஒப்பரேசன் நடந்தது. புள்ளிச்சி எழும்பியது, தின்றது, இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. வெள்ளச்சிக்கு வருகிற மாதம். இவ்வளவும் முயலைப்பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு. நான் எழுத வந்தது அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையைப்பற்றி.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. பிர்கிட் வேலையால் பதினொரு மணிக்கு வருவாள், வதனிக்கு ஒரு மணிக்குத்தான் பள்ளிக்கூடம் விடும். சைக்கிள் சத்தம் கேட்டதும் படியிறங்கிப் போய் அவளுடைய கதவில் தட்டினேன். இரண்டு வருடத்தில் முதல் தரம். பணியாரம் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

அவள் கதவைத் திறந்து, எனக்குப் பின்னால் வதனி நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். நான் தனியே என்று கண்டதும் கொஞ்சம் பயந்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டாள். குசினியில் நின்றோம். வதனி கீறிய படம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் நின்றுகொண்டு, படியில் மனப்பாடம் பண்ணியதைச் சொன்னேன். நான் சொன்ன டேனிஷ் இவ்வளவுதான்:

"சாப்பாடு நான் எடுத்தேன். வதனி மறக்கவில்லை. வதனி பொய், எனக்காக. நான் நேர்ஸ், ஒப்பரேசன், ஒன்பது வருடம். மனிதர் சாப்பிடக்கூடாது. முயல் எனக்குத் தெரியாது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லும்போதுதான் அவளுடைய முகம் மாறியது. கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. பிறகு அந்தச் சிவப்பு அடங்கி, இரக்கம் வரப் பார்த்தது. கையை நீட்டி என் தோளைத் தொடப்போனாள். பாவம், பாஷை தெரியாதவள், விட்டுவிடுவோம் என்று நினைக்கிற அந்த முகத்தை நான் கந்தோர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு அடி பின்னுக்குப் போனேன். மிச்சத்தையும் சொன்னேன். "ஏசு. எனக்கு ஏசு. இப்போது ஏசு, பிள்ளை பள்ளிக்கூடத்தில். பிள்ளைக்கு முன்னால் ஒருநாளும் ஏசாதே. பிள்ளை பிறகு உன்னிடம் வராது."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு ஏசத் தொடங்கினாள். வதனிக்கு ஏசினதுபோல மெதுவாக, சொல் சொல்லாக அல்ல. அவளுடைய பாஷையின் முழு வேகத்தில், எனக்கு விளங்குமா விளங்காதா என்று பாராமல். பாதி விளங்கியது. செத்திருக்கும் என்றாள். குழந்தை ஐந்து நாள் குற்றம் சுமந்தது என்றாள். கேட்டிருக்கலாம், ஒரு மாடிதானே, ஒரேயொரு மாடி, இரண்டு வருடமாக நீ ஏன் கீழே வரவில்லை என்றாள். நீ நேர்ஸ் என்று எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று மேசையில் தட்டினாள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு என்னோடு ஒருத்தரும் இவ்வளவு வேகமாகக் கதைத்ததில்லை. நான் அசையாமல் நின்று கேட்டேன்.

மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"முடிந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள். காலால் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டாள். "இரு."